கேன்டீன் கழிவிலிருந்து மட்கு உரம்: கல்லூரிக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் மட்கு உரத் திட்டம் தொடங்கும் கல்லூரிக் குழுக்கள் பெரும்பாலும் முதல் வேலையாக வாளி வாங்கிக் கேன்டீனில் வைக்கின்றன. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாளி நாள்தோறும் நிறையும். மூடப் போதிய சருகு இருக்காது. பத்தே நாளில் குவியல் நாறும். மூன்றாம் வாரம் ‘எடுத்துவிடுங்கள்’ என்று பராமரிப்பு அலுவலகத்திலிருந்து செய்தி வரும்.

எவ்வளவு கழிவு கிடைக்கிறது என்று பார்த்துத் திட்டத்தின் அளவை முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு சருகு சேர்த்து வைக்க முடியும், விடுமுறையிலும் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

இங்கே சொல்லப்படும் அளவுகள் ஒரு வேலை நாளுக்கு ஒரு 10 லிட்டர் வாளி, அதாவது ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கழிவு, என்ற கணக்கில் அமைந்தவை. முதல் பருவத்துக்கு இதற்கு மேல் போக வேண்டாம்.

1. முதலில் நான்கு பேரிடம் பேசுங்கள்

வளாகப் பராமரிப்பு அலுவலகம், கேன்டீன் கடைக்காரர், துப்புரவாளர்களின் மேற்பார்வையாளர், தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஆகிய நால்வரின் சம்மதமும் வேண்டும். அனுமதிக் கடிதம் முதலாமவரிடமிருந்து கிடைத்துவிடும். ஆனால் திட்டத்தின் உயிர் மற்ற மூவர் கையில் இருக்கிறது.

பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுதும்போது சுற்றுச்சூழலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அவர்களுடைய கவலை எலி, கொசு, நாற்றம், தண்ணீர் வடியும் இடம் ஆகிய நான்குதான். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப் போகிறீர்கள், தவறினால் எத்தனை மணி நேரத்தில் குவியலை அகற்றுவீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு விரிவுரையாளர்களின் பெயர் இருக்க வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், அவர் வேறு துறைக்கு மாறும் நாளில் திட்டமும் போய்விடும்.

துப்புரவாளர்களைக் கேட்காமல் வாளி வைத்தால், அது அன்று மாலையே குப்பைத் தொட்டிக்குப் போகும். அது அவர்கள் தவறாகாது. மேசையையும் தரையையும் சுத்தமாக வைப்பதுதான் அவர்கள் வேலை. எந்த வாளி உங்களுடையது, எந்த நேரத்தில் யார் எடுப்பார்கள், எடுக்கத் தவறினால் யாரை அழைக்கலாம் என்று நேரில் சொல்லுங்கள்.

கடைக்காரரிடம் விரிவுரையாளர் ஒருமுறை பேசினால் போதாது. வாளியை எடுக்கப் போகும் மாணவர்களே பேச வேண்டும். “அங்கிள், இந்த வாளியில பழத்தோல் மட்டும் போடுங்க, மூணு மணிக்கு நாங்க வந்து எடுத்துக்கிறோம்” என்பது போதும். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே போய் நிற்க வேண்டும். இரண்டு நாள் தாமதமானால் மூன்றாம் நாள் வாளி கடைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும்.

2. ஐந்து நாள் எடை பாருங்கள்

வகுப்புகள் முழுமையாக நடக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பருவத்தின் முதல் வாரமும் தேர்வு வாரமும் உதவாது. அந்த வாரங்களில் கேன்டீன் கூட்டம் வழக்கம்போல் இருக்காது.

தேவையானவை: 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, ஒரே அளவிலான ஐந்து வாளிகள், தடித்த கையுறை, ஒரு நோட்டு. தொடங்கும் முன் ஒவ்வொரு வெற்று வாளியின் எடையையும் வாளியின் மேலேயே அழியாத மையால் எழுதுங்கள். இதைச் செய்யாமல் மொத்த எடையைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு திண்டாடுபவர்கள் ஏராளம்.

ஐந்து வகையாகப் பிரித்து எடை போடுங்கள்: பச்சைக் காய்கறியும் பழத் தோலும், காப்பிச் சக்கையும் தேயிலைச் சக்கையும், முட்டை ஓடு, தட்டில் மிஞ்சிய சமைத்த உணவு, எலும்பும் குழம்பும். காலை வியாபாரம் முடிந்ததும் ஒருமுறை, மதியம் முடிந்ததும் ஒருமுறை.

இதன் நோக்கம் மொத்த எண்ணைக் கண்டுபிடிப்பதல்ல. எந்தக் கடையிலிருந்து சுத்தமான, பச்சையான, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவான கழிவு வருகிறது என்று தெரிந்துகொள்வதுதான். பெரும்பாலும் அது பழக்கடையாகவோ பானக்கடையாகவோ இருக்கும். முதல் பருவத்தில் அந்த ஒரு கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. எதை எடுப்பது, எதை விடுவது

சமைத்த உணவைத் திறந்த குவியலில் சேர்க்க வேண்டாம். புதியவர்கள் இதை ஏற்க மறுப்பார்கள், ஏனென்றால் தட்டில் மிஞ்சுவதைப் பார்க்கத்தான் மனம் பதறுகிறது. ஆனால் நூடல்ஸ் சூப், குழம்பு, சோயா சாஸ் எல்லாவற்றிலும் உப்பு அதிகம். தண்ணீர் ஆவியாகும், உப்பு உரத்திலேயே தங்கி வேர்களைக் கருக்கும். எண்ணெய், சருகின் மேல் படிந்து காற்றைத் தடுக்கும். இறைச்சியும் மீனும் எலியை அழைத்து வரும். தட்டு மிச்சத்துக்கு முதல் மருந்து, வாங்கும்போதே குறைத்துக் கேட்பது. ‘சோறு கொஞ்சம்’ என்று கேட்கலாம் என ஒவ்வொரு கடையிலும் ஓர் அறிவிப்பு வைக்கக் கடைக்காரரைச் சம்மதிக்க வைத்தால், எந்தத் தொட்டியும் செய்யாத வேலையை அது செய்யும்.

பப்பாளி, வாழை, மாம்பழத் தோல்கள் நல்லவை. தர்பூசணித் தோலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அது நிறைய வரும் நாளில் சருகைக் கூட்டுங்கள். அன்னாசிக் கொண்டையை நான்காக வெட்டாவிட்டால் மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். டுரியான் ஓடு வேண்டவே வேண்டாம்.

காப்பிச் சக்கை அருமையான நைட்ரஜன் மூலம். ஆனால் காப்பித் துணிப்பையிலிருந்து வரும் சக்கை சேறு போல் இருக்கும். சல்லடையில் அரை மணி நேரம் வடியவிட்டுப் பிறகு சேருங்கள். மொத்தப் பச்சைக் கழிவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது போகக் கூடாது. ஒரே இடத்தில் கொட்டினால் களிமண் போல் இறுகிக் காற்றை அடைத்துவிடும். சோயாப் பால் எடுத்த சக்கையும் அப்படித்தான். ஒரு நாள் தாமதித்தாலே புளித்து நாறும். அன்றன்றைக்கே போட முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

கரும்புச்சாறு விற்கும் கடை இருந்தால் விட்டுவிடாதீர்கள். கரும்புச் சக்கை சருகு போலக் கார்பன் மிகுந்தது. ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, வெயிலில் காயவைத்துச் சருகோடு வைக்கலாம்.

முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, நொறுக்கிப் போடுங்கள். அரைவேக்காட்டு முட்டையின் ஓட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கருவே எலிக்குப் போதும்.

ரப்பர் வளையம், பல்குச்சி, பழத்தில் ஒட்டிய வில்லை, உறிஞ்சு குழாய் இவை நான்கும் எப்படியும் வரும். வாளியின் மூடியில் போட வேண்டியவற்றின் படத்தை மட்டும் ஒட்டுங்கள். ‘போடாதீர்கள்’ பட்டியல் நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எழுத்து வேண்டுமென்றால் நான்கு மொழியிலும் இருக்கட்டும்.

4. இடம் தேர்வு

ஐந்து விதிகள்: கூரை, தண்ணீர்க் குழாய், மண் தரை அல்லது வடிகால் உள்ள தளம், கேன்டீனிலிருந்து தள்ளுவண்டியில் ஐந்து நிமிடத் தொலைவு, வகுப்பறை ஜன்னலிலிருந்தும் குளிர்சாதனக் காற்று உள்ளிழுக்கும் இடத்திலிருந்தும் விலகல்.

கூரை கட்டாயம். சிங்கப்பூரில் மழையின் அளவு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல்; டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே கூரை தொட்டியைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது அரை மீட்டர் நீண்டிருக்க வேண்டும். தார்ப்பாயை மேலே போர்த்துவதைக் கூரை என்று எண்ணாதீர்கள். காற்றும் தடைபடும், மடிப்பில் தண்ணீரும் தேங்கும்.

மழைநீர்க் கால்வாய்க்குப் பக்கத்தில் தொட்டி வைக்கக் கூடாது. இங்கே கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. குவியலிலிருந்து கசியும் கறுப்பு நீர் அதில் கலக்கக் கூடாது. தொட்டியின் அடியில் 15 சென்டிமீட்டர் கனத்துக்குக் கரும்புச் சக்கை அல்லது குச்சிகள் பரப்பினால், கசிவு பெரும்பாலும் அங்கேயே உறிஞ்சப்படும். அதையும் மீறி வடிந்தால் கலவை ஈரமாக இருக்கிறது என்று பொருள்.

5. தொட்டி கட்டுதல்

மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டர். முதலாவது நிரப்ப, இரண்டாவது கிளற, மூன்றாவது முதிர. ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியேறிவிடும், குவியல் வெந்து மட்காது. இரண்டு தொட்டி போதும் என்று நினைப்பவர்கள், முதல் தொட்டி நிறைந்ததும் அடுத்த நாள் வாளியை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

சரக்கு அடுக்கும் பேலட் சட்டங்களின் மரத்தில் கட்டலாம். முத்திரையில் எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுப்புகை ஏற்றியது, வேண்டாம். அடியிலும் நாலு பக்கமும் மூடியிலும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள உலோகக் கம்பிவலை அடியுங்கள். கோழிவலையின் கண் பெரிது, எலிக்குஞ்சு நுழையும். அடிப்பக்கத்தை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எலி சுவரேறி வருவதைவிட மண்ணைத் தோண்டி வருவதுதான் எளிது. முன்பக்கப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழற்றும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் கிளறும்போது முதுகு போய்விடும்.

6. சருகு: முதல் வாளிக்கு முன் மூன்று வாரச் சேமிப்பு

இந்தப் படிக்குப் போதிய நேரம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பாதியில் சரிசெய்யலாம். சருகு இல்லாமல் தொடங்கிய குவியலைச் சரிசெய்வது கடினம்.

கணக்கு இப்படி. ஒரு வாளி பச்சைக் கழிவுக்கு மூன்று வாளி நொறுக்கிய சருகு. 5 கிலோ தோலில் சுமார் 85 விழுக்காடு தண்ணீர், அதாவது நாலேகால் லிட்டர். மூன்று வாளி நொறுக்கிய சருகின் எடை ஏறக்குறைய 3 கிலோ. அதில் தண்ணீர் அரை லிட்டர்கூட இருக்காது. இரண்டையும் கலந்தால் 8 கிலோவில் 4.7 கிலோ தண்ணீர், அதாவது 59 விழுக்காடு. நுண்ணுயிர்களுக்கு ஏற்றது 50 முதல் 60 வரை. அதாவது மூன்றுக்கு ஒன்று என்பதே மேல் எல்லையைத் தொடுகிறது. சருகை இரண்டு வாளியாகக் குறைத்தால் ஈரம் எல்லை தாண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்ற விகிதமும் இதே கலவையில் 30-க்கும் 40-க்கும் இடையே வந்து நிற்கும். அது சற்று அதிகம்தான்; கொஞ்சம் காப்பிச் சக்கை சேர்த்தால் வேண்டிய 25 முதல் 30-ஐ நெருங்கும்.

இப்போது இடத்தைக் கணக்கிடுங்கள். நொறுக்காத சருகு நொறுக்கியதைப்போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும். நாளொன்றுக்கு 30 லிட்டர் நொறுக்கிய சருகு வேண்டுமென்றால் 90 முதல் 100 லிட்டர் முழுச் சருகு. வாரத்துக்கு 500 லிட்டர். மூன்று வாரத்துக்கு ஒன்றரை கன மீட்டர். அதாவது ஒன்றரைத் தொட்டி நிறைய சருகு சேர்ந்த பிறகே முதல் வாளி உள்ளே போக வேண்டும். இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறும். மாறட்டும், இப்போது மாறுவது நல்லது.

எந்த மரம் என்பதும் முக்கியம். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் சிறியவை, நொறுக்க வேண்டியதே இல்லை, விரைவில் மட்கும். அங்சானா இலையும் மெல்லியது. பாதாம் மரத்தின் பெரிய இலை தோல் போன்றது. முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தட்டுத் தட்டாகத் தண்ணீரைத் தடுக்கும். அக்கேசியா இலையும் மெதுவாகத்தான் மட்கும். கிடைப்பதைக் கலந்து பயன்படுத்துங்கள், தடித்த இலை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டப் பராமரிப்பாளர் கூட்டிய சருகைக் கறுப்புப் பையில் கட்டி வைப்பார். அதைத் திறந்து, கம்பிவலைக் கூண்டில், கூரைக்கு அடியில் கொட்டுங்கள். பையிலேயே விட்டால் உள்ளே புழுங்கி ஈரமாகி, சருகு என்ற தகுதியை இழந்துவிடும். களைக்கொல்லி தெளித்த புல்வெளியின் வெட்டுப் புல்லை வாங்காதீர்கள். சில மருந்துகள் மட்கிய பிறகும் அழியாமல் நின்று செடியைக் கெடுக்கும். எங்கே, எப்போது தெளிக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

நொறுக்குவதற்கு எந்திரம் தேவையில்லை. காய்ந்த சருகைச் சணல் சாக்கில் பாதியளவு நிரப்பிக் கட்டி, காலணியோடு மிதித்தால் பத்து நிமிடத்தில் ஒரு சாக்கு பொடியாகும். மழைநாளில் மிதித்தால் நொறுங்காது. வெயில் நாளில் வாரத்துக்கும் சேர்த்துச் செய்துவைப்பதே வழி.

7. நாள்தோறும் செய்ய வேண்டியது

இரண்டு மாணவர்கள், 25 நிமிடம். ஒருவராகச் செய்ய விடாதீர்கள். எடையை ஒருவர் பார்த்து மற்றவர் எழுதினால்தான் பதிவு ஒழுங்காக இருக்கும்.

வாளியை எடுத்ததும் சுத்தமான மாற்று வாளியைக் கடையில் வையுங்கள். எடை போடுங்கள். ஒரு தட்டில் கொட்டி, வரக் கூடாதவற்றைப் பொறுக்கி, அவற்றையும் தனியே எடை போடுங்கள். பெரிய துண்டுகளை 5 சென்டிமீட்டருக்குள் வெட்டுங்கள். வெட்டிய பரப்பு கூடினால்தான் நுண்ணுயிர் உள்ளே புகும்.

தொட்டியில் இருக்கும் குவியலின் நடுவில் ஒரு குழி பறித்து, கழிவையும் இரண்டு வாளிச் சருகையும் அந்தக் குழியிலேயே கலந்து, மூன்றாவது வாளிச் சருகை மேலே போர்த்துங்கள். போர்வை குறைந்தது 5 சென்டிமீட்டர். மேலே தோல் எதுவும் தெரியக் கூடாது. ஓரத்தில் போடாமல் நடுவில் போடுவதற்குக் காரணம், அங்கேதான் சூடு. ஓரத்தில் கிடப்பது எலியின் மூக்குக்கும் நெருக்கம்.

பிறகு கைப்பிடிச் சோதனை. குவியலுக்குள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு துளி தெரிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். துளியே இல்லாமல், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் அரை வாளித் தண்ணீர் தெளியுங்கள். ஆய்வக வசதி உள்ள கல்லூரியில் வாரத்துக்கு ஒருமுறை 100 கிராம் மாதிரியை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடையிழப்பைப் பார்த்தால் ஈரப்பதம் நேராகக் கிடைக்கும். வேதியியல், உயிரியல் விரிவுரையாளர்கள் இதைச் செய்முறைப் பயிற்சியாகவே வைத்துக்கொள்ளலாம். மாணவரின் கைக்கணிப்பும் ஆய்வக எண்ணும் பொருந்தத் தொடங்கும் நாளில் அவருக்கு வேலை பிடிபட்டுவிட்டது என்று அறியலாம்.

கடைசியாக, வாளியைக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு மூடியின் விளிம்பில் நிற்கும் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம். அதன் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வளாகத்தில் கொசு உற்பத்தி கண்டுபிடிக்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. டெங்கிப் புகார் ஒன்று வந்துவிட்டால் உரத் திட்டத்துக்காகப் பேச யாரும் முன்வர மாட்டார்கள்.

கையுறை, மூடிய காலணி, கிளறும் நாளில் முகக்கவசம் மூன்றும் கட்டாயம். மெலியோய்டோசிஸ் என்ற தொற்றை உண்டாக்கும் கிருமி இந்த வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் வாழ்வது. கையிலோ காலிலோ வெட்டுக்காயம் உள்ளவர் அன்று பதிவு எழுதும் வேலையைப் பார்க்கட்டும். நீரிழிவு உள்ளவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் கிளறும் வேலையில் சேர வேண்டாம்.

8. கிளறுதலும் சூடும்

தினம் ஒரு வாளியாக நிரப்பும் தொட்டியில் நடுப்பகுதி பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரியில் நிற்கும். ‘55 டிகிரி வரவில்லையே’ என்று பதற்றப்பட வேண்டாம். ஐந்தாறு வாரத்தில் முதல் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும், முழுவதையும் இரண்டாவது தொட்டிக்கு மாற்றுங்கள். வெளிப்புறத்தில் இருந்தது உள்ளேயும், உள்ளே இருந்தது வெளியேயும் போக வேண்டும். மாற்றும்போதே உலர்ந்த பகுதிக்குத் தண்ணீர் தெளித்து, நான்கு நாள் சேர்த்த காப்பிச் சக்கையைக் கலந்துவிடுங்கள். காற்று, ஈரம், நைட்ரஜன் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைப்பதால் இரண்டு மூன்று நாளில் சூடு ஏறும்.

50 சென்டிமீட்டர் தண்டுள்ள வெப்பமானியால் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றால் கிளறுங்கள். 65-ஐத் தாண்டினால் உடனே கிளறுங்கள். அதற்கு மேல் போனால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும். முதல் இரண்டு வாரம் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. கிளறியும் சூடு ஏறாத நிலை வந்ததும் மூன்றாவது தொட்டிக்கு மாற்றி, குறைந்தது நான்கு வாரம் தொடாமல் விடுங்கள்.

பின்னாளில் உரத்திலிருந்து பப்பாளியும் தக்காளியும் முளைத்தால், எல்லாப் பகுதியும் சூட்டைத் தொடவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை ஓரங்களை உள்ளே தள்ளுவதில் கவனம் வையுங்கள்.

9. கோளாறும் காரணமும்

அழுகிய முட்டை நாற்றம்: காற்று இல்லை. முழுவதையும் கிளறி, இரண்டு மூன்று வாளி நொறுக்கிய சருகோடு கொஞ்சம் குச்சியும் சேருங்கள். நாற்றத்தை மறைக்கச் சுண்ணாம்போ வாசனைத் திரவமோ தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றிவிடும். நாற்றம் மாறுமே தவிரப் போகாது.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா: நைட்ரஜன் அதிகம். காப்பிச் சக்கையையும் சோயாச் சக்கையையும் ஒரு வாரம் நிறுத்துங்கள்.

பழ ஈக்கள்: போர்வை மெலிந்திருக்கிறது, அல்லது கடையிலேயே வாளி திறந்து கிடக்கிறது. இரண்டாவதுதான் பெரும்பாலும் காரணம்.

தடித்த, பழுப்பான, நெளியும் புழுக்கள்: கறுப்புப் போர்வீரன் ஈயின் புழுக்கள். இவை தீங்கு செய்வதில்லை, கழிவை வேகமாகத் தின்னும். ஆனால் பார்ப்பவர் அருவருப்பார், குவியல் ஈரமாக இருக்கிறது என்பதற்கும் இது அடையாளம். சருகு கூட்டினால் குறையும். இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது காண்டாமிருக வண்டின் புழு: கட்டைவிரல் பருமன், வெள்ளை உடல், பழுப்புத் தலை, ‘சி’ எழுத்துப்போல் சுருண்டிருக்கும். அந்த வண்டு தென்னை, பனை வகை மரங்களின் குருத்தைத் துளைக்கும். மூன்றாவது தொட்டியில் நெடுநாள் கிளறாமல் கிடக்கும் உரத்தில்தான் வளரும். ஒன்று கண்டாலும் முழுத் தொட்டியையும் சலித்துப் பொறுக்கி எடுங்கள், தோட்டப் பராமரிப்பாளரிடமும் சொல்லுங்கள்.

எறும்புப் புற்று: காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துக் கிளறினால் எறும்பு தானே இடம் மாறும்.

சாம்பல் பூத்தது போன்ற வெள்ளைப் படலம்: கோளாறு அன்று. சூடான குவியலில் வளரும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்க் கூட்டம். பூஞ்சை என்று பயந்து தொட்டியையே காலி செய்ய வேண்டாம்.

எலி எச்சமோ துளையோ தெரிந்தால், அன்றே கழிவு சேர்ப்பதை நிறுத்துங்கள். பராமரிப்பு அலுவலகத்துக்கு நீங்களே முதலில் தெரிவியுங்கள். வலையைச் சரிசெய்து இரண்டு வாரம் எந்த அடையாளமும் இல்லாத பிறகே மீண்டும் தொடங்குங்கள். மறைத்து வைத்துப் பிறர் கண்டுபிடித்தால் அனுமதி திரும்பக் கிடைக்காது.

10. விடுமுறை

ஜூன், டிசம்பர் இடைவிடுமுறையிலும், செப்டம்பர், மார்ச் நீள்விடுமுறையிலும்தான் பலதுறைத் தொழிற்கல்லூரித் (பாலிடெக்னிக்) திட்டங்கள் பெரும்பாலும் சாகின்றன. கேன்டீனில் பாதிக் கடை மூடியிருக்கும், மாணவர்கள் வேலைப் பயிற்சிக்குப் போயிருப்பார்கள்.

விடுமுறைக்குப் பத்து நாள் முன்னதாகவே புதுக் கழிவு சேர்ப்பதை நிறுத்துங்கள். கடைசி வாரத்தில் ஒருமுறை கிளறி, 10 சென்டிமீட்டர் சருகுப் போர்வை போட்டு மூடுங்கள். எல்லா வாளிகளையும் கழுவி உள்ளே பூட்டிவையுங்கள். வாரம் இருமுறை வந்து ஈரம், சூடு, தேங்கிய நீர், எலி அடையாளம் நான்கையும் பார்க்க ஒருவர் வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பெயர்ப் பட்டியல் நிரம்பாவிட்டால் அந்தப் பருவத்தில் கழிவு எடுப்பதைத் தொடங்கவே வேண்டாம். சருகு மட்டும் சேர்த்துக்கொண்டிருங்கள்.

11. முதிர்ந்ததா என்று சோதித்தல்

பார்வைக்குக் கறுப்பாக இருந்தால் போதாது. ஈரமான ஒரு பிடி உரத்தைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம்.

பிறகு முளைப்புச் சோதனை. ஒரு பங்கு உரம், மூன்று பங்கு மண் கலந்த தட்டில் 20 கங்கோங் அல்லது சாய் சிம் கீரை விதை. வெறும் மண் தட்டில் 20 விதை. வெறும் மண்ணில் 18 முளைத்து உரத் தட்டில் 14-க்குக் குறைவாக முளைத்தால் உரம் இன்னும் முதிரவில்லை, அல்லது உப்பு ஏறியிருக்கிறது. முதிராத உரத்தைத் தோட்டத்தில் போட்டால், மட்கும் வேலைக்கு மண்ணின் நைட்ரஜனையே அது இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். அதைப் பார்த்த தோட்டக்காரர் அடுத்த முறை வாங்க மாட்டார்.

10 முதல் 12 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பதை எறியாமல் முதல் தொட்டியின் அடியில் போடுங்கள்; நுண்ணுயிர் நிறைந்த அந்தத் துண்டுகள் புதுக் குவியலுக்கு உறைமோர் மாதிரி.

12. கணக்கு எழுதும் முறை

ஆறு எண்கள் போதும்: தேதி, உள்ளே போன எடை, பொறுக்கி நீக்கிய எடை, சருகு வாளிகள், நடுச் சூடு, வெளியே வந்த உரத்தின் எடை. காகித நோட்டு தொட்டியருகே நெகிழிப் பையில் தொங்கட்டும். வாரம் ஒருமுறை கணினிக்கு மாற்றுங்கள். கைப்பேசியில் நேராகப் பதிவது சரிவருவதில்லை. ஈரக் கையோடு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

ஆண்டறிக்கையில் எடை போட்டதை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரத்தின் எண்ணை 52-ஆல் பெருக்காதீர்கள். கல்லூரி 52 வாரம் நடப்பதில்லை. நீக்கிய எடையைக் கழித்த பிறகு வருவதுதான் உங்கள் எண். இந்த வேலையை மதிப்பெண்ணோடு இணைப்பதாக இருந்தால், எத்தனை கிலோ என்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். விடுபடாத பதிவுக்கும் கோளாறைக் கண்டு காரணம் எழுதியதற்கும் கொடுங்கள். கிலோவுக்குக் கொடுத்தால் சருகு தீர்ந்த நாளிலும் வாளி உள்ளே போகும்.

13. அடுத்த அணிக்குக் கைமாற்றுதல்

நாளுக்கு இருவர் வீதம் பத்து மாணவர், மாற்றாக நால்வர். இவர்களில் பாதிப் பேர் எப்போதும் முதலாண்டினராக இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே ஆண்டினராக இருந்தால் ஒரே நாளில் எல்லாரும் போய்விடுவார்கள்.

மூத்தவர் விலகுவதற்கு நான்கு வாரம் முன்பே புதியவர் சாவி, நோட்டு, கடைக்காரர் அறிமுகம் மூன்றையும் பெற வேண்டும். முதல் இரண்டு வாரம் மூத்தவர் செய்ய, புதியவர் பார்க்கட்டும். அடுத்த இரண்டு வாரம் புதியவர் செய்ய, மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். கைப்பிடிச் சோதனையை மட்டும் மூன்று முறை, மூன்று வெவ்வேறு ஈரத்தில், புதியவர் கையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அதை எழுதிப் புரியவைக்க முடியாது.

இரண்டாவது கடையைச் சேர்க்கலாமா என்ற கேள்வி இரண்டாம் பருவத்தில் வரும். சருகுக் கூண்டைத் திறந்து பாருங்கள். மூன்று வாரச் சேமிப்பு போக மேலும் ஒன்றரை கன மீட்டர் மிச்சம் இருந்தால் சேர்க்கலாம். இல்லாவிட்டால் அந்தக் கடைக்காரரிடம், “ஆன்ட்டி, அடுத்த பருவம் வர்றோம்” என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போங்கள்.